மெழுகில் வைத்த பல்

"தின்னுறதுக்கெண்டா எனக்குப் பல்லு வேணாம் பிள்ளை. சோத்தைக் குழைச்சு முழுங்கிருவன். கதைக்கத்தான் வேணும்."

"இப்பவும் கதைக்கிறீங்கதானே ஐயா?"

"இது கதையா? காத்து. ஒராளிட்ட நான் ஒரு விசயம் கேக்கணும். கன காலமாக் கேக்காம வைச்சிருக்கன். கேக்கக்குள்ள சொல்லு வழுக்கி, அந்தாள் சிரிச்சிட்டா, மறுகா நான் கேக்கவே மாட்டன்."

"ஆரது?"

"நீ பல்லைக் கட்டு. மிச்சத்தை நான் பார்க்கிறன்."

பல் கட்ட வந்த முதல் நாளில் கதிர்காமத்தம்பி சொன்ன இந்தப் பேச்சுத்தான், வெறுமையாகக் கிடந்த நோயாளர் கதிரையைப் பார்க்கும்போதெல்லாம் கெரனுக்கு நினைவில் வந்தது. இரண்டு முறையாக அவர் வரவில்லை.

பல்மருத்துவ பீடம் இறுதியாண்டு மாணவர்களை இருவர் இருவராகக் கிராமத்துச் சுகாதார நிலையங்களுக்கு அனுப்புவது வழக்கம். மட்டக்களப்பு டச்பாரில் பறங்கிக் குடும்பத்தில் பிறந்த கெரனுக்கும் ஓட்டமாவடி நஸ்ஹாவுக்கும் பெரியகல்லாறு கிடைத்தது. நஸ்ஹாவின் வேலைகள் எல்லாம் முடிந்துவிட்டன. கெரனுக்கு ஒரு முழுக் கட்டுப்பல் மட்டும் மிச்சம். அந்த ஒன்றுக்குத்தான் ஆள் வரவில்லை. மெழுகில் பதித்த இரண்டு வரிசைப் பல்லும் வெக்கையில் நெளிந்துவிடாமல் ஈரத்துணிக்குள் கிடந்தன.

"உன்ட மாப்பிள்ளை இண்டைக்கும் ஏமாத்திட்டாரா?" என்றாள் நஸ்ஹா.

"சும்மா இரு."

பொறுப்பு வைத்தியர் விதுர்ஷா இவர்களுக்குச் சில ஆண்டுகள்தான் மூத்தவர். "கெரன், வெள்ளிக்கிழமையோட உங்கட முறை முடியுது. வேற ஒராளுக்குத் தொடங்கினா பாதி வேலையாவது காட்டலாம். பல்லுக் கட்ட வாற ஆக்கள் இடையில நிக்கிறது புதுசில்ல" என்றார்.

"இல்ல டொக்டர். அவருக்குத்தான் தொடங்கினான். அவருக்குத்தான் முடிப்பன்."

"ஏன் நிண்டார் எண்டு தெரியுமா?"

கெரனுக்குத் தெரியவில்லை. கடைசியாக வந்த நாளை மனதுக்குள் திருப்பிப் பார்த்தாள். அளவு எடுத்தாள். வலிக்கவில்லை என்றார். நாயைப் பற்றி ஒரு பகிடி விட்டார். எழும்பிப் போகும்போது அவள் எல்லோருக்கும் சொல்வதைத்தான் அவருக்கும் சொன்னாள்: "மற்ற முறை வரக்குள்ள வீட்டு ஆக்கள் ஒராளைக் கூட்டிக்கொண்டு வாங்க ஐயா."

அது பீடத்தில் படித்த முறை. மெழுகில் இருக்கும்வரைதான் பல்லை நகர்த்தலாம். இறுகிய பிறகு ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே தினமும் அந்த முகத்தைப் பார்க்கிற ஒருவர் வந்து, சரி என்று சொல்ல வேண்டும். அவர் "சரி பிள்ளை" என்று இடுப்புச் சாரத்தை இறுக்கிக்கொண்டு போனார். அதற்குப் பிறகுதான் வரவில்லை.

அன்று வேலை முடிந்ததும் கெரன் நஸ்ஹாவின் ஸ்கூட்டியை வாங்கிக்கொண்டு அவரைத் தேடி வாவிக்கரைக்குப் போனாள். கண்டல் மரங்களுக்கு அருகில் கிடுகு வேய்ந்த வாடிகள் நாலைந்து இருந்தன. மீன்பிடிக் காலத்தில் ஆட்கள் தங்கிப் போகிற குடிசைகள். கதிர்காமத்தம்பி ஒன்றின் நிழலில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். நூலை அறுக்கப் பழைய சவர பிளேட் ஒன்றைக் கால்விரல்களுக்கு இடையில் சொருகியிருந்தார். உள்ளே பாய், பானை, அடுப்பு. கொடியில் ஒரு சேர்ட். தங்கிப் போகிறவரின் இடமாக அது தெரியவில்லை.

"ஏன் ஐயா வரல்ல?"

"ஆரைக் கூட்டிக்கொண்டு வாற? இந்த நாயையா? அதுக்குக் கண் பூவிழுந்து போச்சு."

கெரனுக்கு முகம் சூடாகியது. "வீட்டில அம்மா..."

"இருக்கா. அவட வீட்டில."

அந்த இரண்டாவது சொல்லில் எல்லாம் இருந்தது. இந்தக் கிழக்குக் கரையில் வீடு பெண்ணுக்குரியது. தாய் மகளுக்குக் கொடுப்பாள். ஆண் கல்யாணம் முடித்து அந்த வீட்டுக்குப் போவான். நல்ல நாட்களில் அது யாருடைய வீடு என்று யாரும் நினைப்பதில்லை. சண்டை வரும் நாளில் மட்டும் அது நினைவுக்கு வரும்.

"விறாந்தையில ஈர வலையைப் போட்டிட்டன். அண்டைக்கு அவட ஆக்கள் வாறதுக்கு இருந்தது. 'இது என்ட அம்மா எனக்குத் தந்த வீடு, உங்கட வலைக்கு வேற இடம் பாருங்க' எண்டா. நானும் வலையோட வேற இடம் பார்த்திட்டன்."

"இது எப்ப?"

"பல்லெல்லாம் இருக்கக்குள்ள."

அவர் சிரித்தார். வாய் உள்ளே மடிந்தது. கெரன் சிரிக்கவில்லை.

"அப்ப நீங்க கேக்கணும் எண்டது..."

"பிள்ளை, பல்லைப் புடுங்கின மாதிரி இதையும் புடுங்காத."

"புடுங்கல்ல. நான் அவவைக் கூட்டிக்கொண்டு வந்தா நீங்க வருவீங்களா?"

"அவ வரமாட்டா."

"அதை நான் கேக்கல்ல ஐயா. நீங்க வருவீங்களா?"

அவர் பிளேட்டை எடுத்து நூலை அறுத்தார். அடுத்த கண்ணியைப் பிடித்தார். அதையும் முடித்துவிட்டுத்தான் சொன்னார். "வாறன்."

அவருடைய மனைவி சீதேவிப்பிள்ளையின் வீடு பிரதான வீதியிலிருந்து உள்ளே போகும் ஒழுங்கையில் இருந்தது. அவர் விறாந்தையில் சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். கெரன் தன்னை அறிமுகப்படுத்தி விஷயத்தைச் சொன்னதும் சுளகு நின்றது.

"பல்லா? அந்தாளுக்கா? பல்லு இருக்கக்குள்ளயே கடிச்சுக் கடிச்சுத்தான் கதைக்கிறவர். இனிப் புதுப் பல்லும் வேணுமாக்கும்."

"அவர்ட பழைய பல்லு எப்பிடி இருந்த எண்டு எனக்குத் தெரியா அம்மா. படமும் இல்லயாம்."

"எப்பிடி இருக்கும்? படமெடுக்கக்குள்ள வாயை மூடிக்கொண்டு பொலிஸ்காரன் மாதிரி நிப்பார்."

"அதான் தெரிஞ்ச ஒராள் வந்து பார்க்கணும்."

"ஊரில எத்தின பேர் இருக்காங்க. ஏன் நான்?"

கதிர்காமத்தம்பி இவரிடம் எதையோ கேட்கக் காத்திருக்கிறார் என்பது கெரனின் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் இந்த அம்மா உடனே எழும்பிவிடுவார் என்றும் தோன்றியது. ஆனால் அதைத் தன் வாயாலேயே கேட்பதற்காகத்தானே அவர் பல் கட்ட வந்தார்? அவள் அதை விழுங்கிக்கொண்டாள்.

"ஊராக்கள் அவர்ட மூஞ்சியைத்தான் பார்த்திருப்பாங்க. அவர் சிரிக்கிறதை நீங்கதானே பார்த்திருப்பீங்க" என்றாள்.

சீதேவிப்பிள்ளை ஒரு கல்லைப் பொறுக்கி வெளியே எறிந்தார். "எனக்கு வேலை கிடக்கு, பிள்ளை."

"சரி அம்மா. நாளைக்கு வாறன்."

"நாளைக்கும் இதைத்தான் சொல்லுவன்."

"மறுநாளும் வருவன். வெள்ளிக்கிழமை மட்டும்தான் இஞ்ச இருப்பன். அது மட்டும் வருவன்."

சொன்னபடியே போனாள். இரண்டாம் நாள் தேத்தண்ணி கிடைத்தது, பதில் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் கோப்பையை வாங்கும்போது சீதேவிப்பிள்ளை, "எத்தின மணிக்கு கிளினிக் திறக்கும்?" என்று கேட்டார். "பறங்கிப் பிள்ளையளுக்கு இவ்வளவு பிடிவாதம் எண்டு எனக்குத் தெரியாம போச்சு."

வெள்ளிக்கிழமை காலை கதிர்காமத்தம்பி சவரம் செய்து, கொடியில் கிடந்த அந்தச் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு வந்து கதிரையில் படுத்திருந்தார். சீதேவிப்பிள்ளை கரும்பச்சைச் சாறியோடு, குடையோடு வந்தார். சுவரோரத்து வாங்கில் உட்கார்ந்து குடையை மடியில் வைத்துக்கொண்டு, சுவரில் ஒட்டியிருந்த பல்துலக்கும் படத்தைப் பார்த்தார். அவரோ மேலே இருந்த விளக்கைப் பார்த்தார். நஸ்ஹா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சும்மா கிடந்த கருவிகளைத் துடைக்கத் தொடங்கினாள்.

கெரன் மெழுகுப் பல்லை அவருடைய வாயில் வைத்தாள். பீடத்தில் காட்டிய படத்தில் உள்ளதுபோல் நேரான, ஒழுங்கான வரிசை.

"அம்மா, கொஞ்சம் கிட்ட வந்து பாருங்க."

சீதேவிப்பிள்ளை எழும்பி வந்து குனிந்து பார்த்தார். "இது ஆரு? ஆரோ போஸ்ட் மாஸ்டர் மாதிரி இருக்கு."

நஸ்ஹா சிரிப்பை அடக்கமாட்டாமல் திரும்பிக்கொண்டாள். கதிர்காமத்தம்பியின் காது சிவந்தது.

"எங்க பிழை, அம்மா?"

"முழுக்கப் பிழை. இவருக்கு இப்பிடி நேரா எப்ப இருந்த? இந்த இடப்பக்கத்துப் பல்லு மற்றதில ஏறி நிக்கும். அதுல ஒரு வெட்டு இருக்கும். வலை பொத்தக்குள்ள நூலைக் கடிச்சுக் கடிச்சு வந்த வெட்டு. வேணாமெண்டு எத்தின தரம் சொல்லியிருப்பன்? கேட்டாத்தானே." குரல் சற்றுத் தாழ்ந்தது. "சிரிச்சா அதுதான் முதல்ல வெளிய வரும்."

கெரன் மெழுகுக் கத்தியைச் சூடாக்கினாள். பல்லை இளக்கி, சிறிது திருப்பி, பக்கத்துப் பல்லின்மேல் ஏற்றினாள். "இன்னும்" என்றார் சீதேவிப்பிள்ளை. இன்னும் ஏற்றினாள். "காணும், விடு பிள்ளை." சின்ன உளியால் ஓரத்தில் ஒரு வெட்டுப் போட்டாள். அழகான பல்லை வேண்டுமென்றே பழுதாக்கும்போது கை கூசியது. விதுர்ஷா வந்து கடியைச் சரிபார்த்து, "நல்லா வந்திருக்கு, இண்டைக்கே இறுக்கக் குடுக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுபடி வாயில் வைத்தபோது சீதேவிப்பிள்ளை இன்னும் குனிந்து பார்த்தார். வாங்கில் போய் உட்காரவில்லை. கதிரைக்குப் பக்கத்திலேயே நின்றார்.

"சரியா அம்மா?"

"ம்."

"இனிச் சத்தம் பார்க்கணும்" என்றாள் கெரன். "ஐயா, ஏதாவது கதையுங்க. சொல்லெல்லாம் வடிவா விழுதா எண்டு நான் கேக்கணும்."

"என்னத்தைக் கதைக்க?"

"கிழமை நாளைச் சொல்லுங்க" என்று நஸ்ஹா எடுத்துக்கொடுத்தாள். "எல்லாருக்கும் அதுதான்."

அவர் எழும்பி நேராக இருந்தார். புதுப் பல்லை நாக்கால் ஒருமுறை தடவிப் பார்த்தார்.

"ஞாயிறு. திங்கள். செவ்வாய்."

ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழுந்தது. காற்று எங்கும் ஒழுகவில்லை. ஆனால் செவ்வாயோடு நின்றுவிட்டார்.

"புதனுக்கு என்ன வந்தது?" என்றார் சீதேவிப்பிள்ளை.

அவர் தலையைத் திருப்பினார். அன்று காலையில் முதல் தடவையாக மனைவியின் முகத்தை நேரே பார்த்தார். இரண்டு கைகளும் கதிரையின் கைப்பிடிகளை இறுக்கிப் பிடித்திருந்தன.

"சீதேவி," என்றார், "நான் வீட்டை வரட்டா?"