உப்பு முட்டை ஓடு

தக்காளிக் காய்களின் அடி கறுக்கத் தொடங்கியதும் நீவெஸ் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிலிப்பைன்ஸின் பங்காசினானில் நெல் அறுத்த வயலில் போட்ட தக்காளி. காய் நன்றாகத்தான் திரண்டிருந்தது, அடிப்பக்கம் மட்டும் தோல் சுருங்கி அழுகியது. சுண்ணாம்புச் சத்துக் குறைவு. மருந்து அவளுக்குத் தெரிந்ததுதான். முட்டை ஓட்டை வறுத்துக் கரும்பு வினிகரில் ஊறப்போட வேண்டும், நுரைத்து அடங்கியதும் வடித்துத் தண்ணீர் கலந்து தெளிக்க வேண்டும். அதற்கு உடம்பில் தெம்பு வேண்டும். நாற்று விட்டதிலிருந்து குனிந்து குனிந்து அவளுக்கு அது தீர்ந்துபோயிருந்தது.

இந்தப் பயிரை நம்பித்தான் அவள் புருஷன் அம்ப்ரோ ஊரில் இருந்தான். சவூதியில் லாரி ஓட்டிவிட்டு வந்தவன். "தக்காளி தேறிடுச்சுன்னா நான் இனிமே போகல" என்று சொல்லியிருந்தான். தேறாவிட்டால் என்ன என்று இருவரும் பேசவில்லை. சவூதிக்கு ஆள் அனுப்பும் மணிலா ஏஜென்ட் மட்டும் விடாமல் போன் செய்துகொண்டிருந்தான்.

"நீ படு. மருந்த நான் பாத்துக்கறேன்" என்றான் அம்ப்ரோ.

"நீயா? லாரிக்கு டீசல் ஊத்துற வேலைன்னு நெனச்சியா?"

"ஓடு வறுக்கத் தெரியாதா எனக்கு? அங்க எனக்கு நீயா வந்து சமைச்சுப் போட்ட?"

சிரிக்கக்கூடத் தெம்பில்லாமல் அவள் படுத்துக்கொண்டாள். வறுத்தது, ஊறவைத்தது, வயல் முழுக்கத் தெளித்தது எல்லாம் அவன்தான். சாயங்காலம் முதுகில் தெளிப்பானோடு சீட்டியடித்துக்கொண்டு போவான். அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பது அவளுக்குச் சுகமாக இருந்தது.

அந்தச் சுகம் நிலைக்கவில்லை. இலை ஓரமெல்லாம் தீய்ந்து, பூ கொட்டியது. அடுத்த வயல் பினோங்குக்கு வாய் சும்மா இருக்குமா?

"மனாங்! என்ன, செடியையும் சேத்து வறுத்துட்டீங்களா?" என்றான், அக்கா முறை வைத்து.

"உன் நாக்கத்தான்டா வறுக்கணும்" என்றாள் நீவெஸ். குரலில் காரமே இல்லை.

வீட்டுக்கு வந்து ஜாடியில் மீந்திருந்ததை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். முதலில் புளிப்பு. அதன் பின்னால் உப்பு, கடல்நீர் மாதிரி கரித்தது.

அடுப்புக்குப் பின்னால் ஒரு சாக்கு கிடந்தது. உள்ளே வாத்து முட்டை ஓடுகள், சாம்பல் நிறச் சேறு அப்பியபடி. உப்பு முட்டைக்காரி எஸ்தெபானியா முட்டைகளை உப்புச் சேற்றில் புதைத்து வைப்பாள், உடைந்ததைக் கழித்துவிடுவாள். வழக்கமாக வாங்கும் பேக்கரி ஓடு போதவில்லை போலிருக்கிறது. எல்லாம் முட்டை ஓடுதானே என்று இந்த மகராசன் அவளிடம் சாக்கோடு வாங்கி, கழுவாமல்கூட அப்படியே வறுத்திருக்கிறான்.

அவளுக்குக் கோபம் பொங்கியது. ஆனால் கோபத்தைத் தாங்கவும் உடம்பில் வலு வேண்டுமே. அவன் இனி சவூதிக்குத் திரும்பித்தான் ஆகவேண்டும். தன்னால்தான் பயிர் போச்சு என்று தெரிந்தால், பாலைவனத்தில் லாரிக்குள் தனியாக உட்கார்ந்து அவன் அதையே நினைத்துக்கொண்டிருப்பான். அது அவளுக்குப் பொறுக்கவில்லை. சாக்கை இழுத்துப்போய்க் கொல்லைக் குப்பைக் குழியில் தள்ளி, மேலே வைக்கோலைப் போட்டாள்.

"என்ன ஆச்சு நீவெஸ்? ஏன் இப்படித் தீஞ்சு போச்சு?"

"வினிகர் கெட்டுப்போயிருக்கு. பழச எடுத்து வச்சது நான்தான்."

"நீயா?"

"ஆமாங்கறேன்ல. விடு."

அவன் வெளியே போனான். வெகுநேரம் கொல்லைப் பக்கம் நின்றிருந்தான். போன் அடித்தது. இந்தத் தடவை எடுத்தான். "வர்றேன் சார்" என்று அவன் சொன்னது உள்ளே கேட்டது.

சாப்பாட்டுக்குச் சோறும், வயலில் தப்பித்த தக்காளியும் வைத்தாள். பழக்க தோஷத்தில் உப்பு முட்டையையும் அரிந்து வைத்துவிட்டாள். அது இல்லாமல் அவன் தக்காளியைத் தொடமாட்டான். தட்டை வைத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

அவன் தக்காளியையும் சோற்றையும் தின்றான். முட்டைத் துண்டுகளை மட்டும் ஒவ்வொன்றாகத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினான். அவன் கால் விரலிடுக்கில் சாம்பல் நிறச் சேறு படிந்த வைக்கோல் துரும்பு ஒட்டியிருந்ததை அப்போதுதான் பார்த்தாள்.

"முட்டை வேணாமா?" என்று கேட்டாள்.

"உப்பு ஜாஸ்தி" என்றான் அம்ப்ரோ.

அவன் அதை வாயில் வைக்கவே இல்லை.