சம்மதக் கட்டம்

என் மகள் வென்லி பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் எழுநூற்று ஐம்பதுக்கு அறுநூற்றுப் பதினொன்று வாங்கினாள். ஆட்டிறைச்சி நூடுல்ஸ் விற்பவன் மகள் வாங்குகிற மதிப்பெண்ணா அது? மூன்று நாள் என் கால் தரையில் படவில்லை.

அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். மாகாணப் பல்கலைக்கழகத்தில், எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய செங்சோவிலுள்ள தலைமை வளாகத்தில், மருத்துவம். விண்ணப்பத்தில் அதை முதலில் போட்டு, கீழே இன்னும் ஐந்து பாடங்கள் எழுதினாள். கடைசியில் ஒரு சின்னக் கட்டம்: ‘எந்தப் பாடமானாலும், எந்த வளாகமானாலும் சம்மதம்.’ அதிலும் டிக் போட்டாள்.

ராத்திரி மாஜோங் காய் ஆடும் மேசையில் இதைச் சொன்னபோது பக்கத்துக் கடை தோங் சிரித்தான்.

“அடேய், அந்த டிக் இருந்தா அவனுங்க இஷ்டத்துக்குத் தள்ளிவிடுவானுங்கடா. என் மச்சான் பையன் டாக்டருக்குத்தான் எழுதினான். இப்ப மலை வளாகத்துல ஆடு வளக்கப் படிக்கிறான். உன் பொண்ணும் ஆட்டுக்கு ஊசி போடட்டும், உனக்குக் கறியாவது சல்லிசா கிடைக்கும்!”

“டிக்கை எடுத்துட்டா?”

“உன் பொண்ணு வேற எதுக்கும் ஒத்துக்க மாட்டான்னு தெரிஞ்சா, கேட்டதைக் குடுத்துத்தானே ஆகணும்?”

நம்பித் தொலைத்தேன். பேரம் பேசியே பிழைத்தவன் நான். கடைசி நாள் மதியம் வென்லி குளிக்கப் போனாள். விண்ணப்பம் என் கைப்பேசி எண்ணில்தான் பதிவாகியிருந்தது; உள்ளே நுழையும் ரகசிய எண் எனக்கே வந்தது. டிக்கை எடுத்தேன். அவளிடம் மூச்சுவிடவில்லை.

ஜூலையில் முடிவு வந்தது. மருத்துவத்துக்கு இரண்டு மதிப்பெண் குறைவு. மற்ற ஐந்தும் நிரம்பிவிட்டன. செவிலியர் படிப்பில் நான்கு இடம் காலி, ஆனால் சம்மதம் இல்லாததால் விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டார்கள். ஒருமுறை திரும்பினால் அந்தச் சுற்றில் வேறெங்கும் போகாது; அடுத்த சுற்றில் மிஞ்சுவது சின்னக் கல்லூரிகள்தான்.

“நான் டிக் போட்டேன்ப்பா. ரெண்டு தடவ பாத்தேன்.”

நான் சூப்பைக் கிண்டிக்கொண்டு நின்றேன்.

“உங்க ஃபோனுக்குத்தானே நம்பர் வரும்?”

“உன் நல்லதுக்குத்தான்மா…”

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். மறுதேர்வுப் பள்ளியில், ஓர் அறையில் எட்டுப் பேரோடு, இன்னொரு வருஷம் கிடந்தாள். வீட்டுக்கு வந்தால் கிண்ணத்தைப் பார்த்தே சாப்பிடுவாள். கேட்டதற்கு மட்டும் பதில்.

அடுத்த ஜூனில் அறுநூற்று முப்பது. மருத்துவம் கைக்கெட்டும் தூரம். புது எண் வாங்கி, விண்ணப்பத்தை அவளே நிரப்பினாள். எனக்கு எட்டிப்பார்க்கவும் தைரியமில்லை.

தபால்காரர் உறையை என் கையில்தான் கொடுத்தார். சின்ஜியாங்கில் ஏதோ ஒரு பல்கலைக்கழகம், இரண்டு நாள் ரயில் பயணம். கால்நடை வளர்ப்பு.

ஈரக்கையோடு அவளிடம் ஓடினேன். “யாரும்மா இதை உன் தலையில கட்டினது? திரும்பவும் அந்த டிக்கா?”

“டிக் எல்லாம் இல்லப்பா. முதல் விருப்பமே அதான்.”

“அப்ப டாக்டரு?”

அவள் உறையை என் கையிலிருந்து வாங்கி, ஈரத்தைத் துடைத்தாள்.

“செங்சோவுல படிச்சா வாராவாரம் வீட்டுக்கு வரணுமேப்பா.”