முடியின் நிறம்

ஒடெஸ்ஸா ப்ரூயிட் தலையைக் குனிந்துதான் உள்ளே வந்தார். எங்கள் வாசலுக்குக் குனியத் தேவையில்லை. பழக்கமாக இருக்க வேண்டும். பள்ளிப் பேருந்து ஓட்டுநரின் நீலச் சட்டையைக்கூட மாற்றியிருக்கவில்லை. கதவுக்குப் பக்கத்தில் இருந்தது என் மேசை. அதன் மேல் ஒரு காகிதத்தை விரித்து, கீழே இருந்த பெயரை விரலால் தொட்டார்.

"யெசேனியா கோட்டா. யாரு இங்க?"

"நான்தான்."

"என்னைப் பாத்தா ஞாபகம் வருதா, கண்ணு?"

இல்லையென்று தலையசைத்தேன்.

"வரணுமே. போன மாசம் மூணாம் தேதி சாயங்காலம் என் வீட்டு வாசல்ல, என் கையிலயே சம்மன் கொடுத்ததா கையெழுத்துப் போட்டிருக்க. நான் கோர்ட்டுக்கு வரலைன்னு வீட்டு ஓனர் பக்கம் தீர்ப்பாயிடுச்சு. வெள்ளிக்கிழமை ஷெரிஃப் வந்து என்னை வெளியேத்தி பூட்ட மாத்துறாராம்." காகிதத்தைத் திருப்பினார். "வாங்கினவ எப்படி இருந்தான்னும் எழுதியிருக்கு. ஐஞ்சடி மூணு அங்குலம், நாப்பது வயசு, பழுப்பு முடி." சொல்லிவிட்டு நிமிர்ந்து நின்றார். ஆறடிக்கு மேல் இருந்தார். ஒட்ட வெட்டிய தலை முழுக்க வெள்ளை. "நல்லா அம்சமா இருந்திருப்பா போல. எனக்கே ஒரு தடவை பாக்கணும்னு இருக்கு."

கையெழுத்து என்னுடையது. மற்றதெல்லாம் என்னுடையதில்லை. அந்த வீட்டுக்கு ஒரே ஒருமுறை, மதியத்தில் போனேன். யாரும் இல்லை. 'ஆளில்லை, மீண்டும் முயல வேண்டும்' என்று குறிப்பேட்டில் எழுதி, கோர்ட் சம்மன்களைக் கூலிக்குச் சேர்க்கும் எங்கள் அலுவலகத்தின் முதலாளி வார்த்தானிடம் கொடுத்தேன். சம்மனைச் சேர்த்ததற்கான படிவத்தில் வாங்கியவரின் வயது, உயரம், எடை, முடி என்று கட்டங்கள் உண்டு. எனக்கு அவைதான் பிடிக்கும். கல்லூரி ஆய்வகத்தில் இரண்டு வருடம் பழ ஈக்களின் கண்நிறத்தை எண்ணியவள் நான். மனிதர்களிடம் பேச வராது, பார்க்க வரும். அந்தக் கட்டங்களுக்குக் கீழே, இது பொய்யானால் தண்டனை உண்டு என்று அறிந்து ஒப்பமிடுகிறேன் என்ற வரி இருக்கும். திங்கட்கிழமை காலைகளில் வார்த்தான் இருபது வெற்றுப் படிவங்களை நீட்டுவார். வாரக் கடைசியில் நேரம் மிச்சமாகும் என்பார். நானும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். எட்டு மாதமாகப் போட்டுக் கொடுத்தேன்.

ஒடெஸ்ஸாவை உட்காரச் சொல்லிவிட்டு உள்ளறைக்குப் போனேன். வார்த்தான் பிஸ்தா உரித்துக்கொண்டிருந்தார்.

"மூணாம் தேதி நான் அங்க போகவே இல்ல."

"யாராவது ஒருத்தர் போயிருப்பாங்க, விடு."

"யாரு?"

"ஃப்ரெஸ்னோவுல இருக்கிற எல்லா ஆபீஸுலயும் இதான் நடக்குது பொண்ணே. கதவத் தொறக்கலைன்னா நாம என்ன பண்ண முடியும்?"

"அவங்க வேலைக்குப் போயிருந்தாங்க. காலையில, சாயங்காலம்னு வேற வேற நேரத்துல போகணும். நீங்கதான் சொன்னீங்க."

அவர் ஓடுகளை ஒரு கையால் ஒதுக்கினார். குரல் உயரவில்லை. "கவுண்டி ஆபீஸுல சம்மன்காரின்னு பதிஞ்சு கைரேகை வெச்சது யாரு? பிணைப்பத்திரம் யார் பேர்ல? உன் கழுத்துல தொங்குற அட்டையில யார் படம்? நீ போய் பொய்னு சொன்னா அவங்க என்கிட்ட வரமாட்டாங்க. உன் பதிவுதான் போகும். ஜெயிலும் உனக்குத்தான். யோசி."

யோசித்தேன். உண்மையைத்தான் சொன்னார். ஆனாலும் வெளியே வந்து கைப்பையை எடுத்துக்கொண்டேன்.

"எங்க போற?" என்றார் ஒடெஸ்ஸா.

"உங்க வக்கீல் யாரு? அவங்கள பாக்கணும்."

அன்றே வாக்குமூலம் எழுதிக் கொடுத்தேன். மறுநாள் ஒடெஸ்ஸாவின் இலவசச் சட்ட உதவி வக்கீல் ஜோலீன் அதை இன்னும் இரண்டு முறை படித்தாள். தீர்ப்பை ரத்து செய்யச் சொல்லும் மனு வியாழக்கிழமை விசாரணைக்கு வருகிறது என்றாள். "ஆனா நீயே உன் கையெழுத்து பொய்னு சொல்ற. ஒரு தடவை பொய்யா கையெழுத்து போட்டவள நீதிபதி ஏன் நம்பணும்? அந்தக் குறிப்பேடு வேணும். அதோட வார்த்தான் கோர்ட்டுக்கு வரணும்."

"சம்மன் அனுப்புங்க."

"அனுப்பாமலா? நேத்திலிருந்து ரெண்டு ஆளுங்க போயிட்டு வந்தாச்சு. ஆபீஸ் பூட்டியிருக்கு, வீட்டுல ஆளில்லையாம். ஊர்ல இருக்கிற சம்மன்காரங்க பாதிப் பேர் அவர்கிட்ட வேலை பாத்தவங்க. ஓடி ஒளியிறவங்களைப் பிடிக்கிற வித்தையெல்லாம் தெரிஞ்ச மனுஷன், இப்ப தானே ஒளியிறார்."

"நான் கொடுக்கிறேன்."

ஜோலீன் என் கழுத்து அட்டையைப் பார்த்தாள். "வியாழக்கிழமைக்கு அப்புறம் அது உனக்கு இருக்காதுன்னு தெரியும்ல?"

"இன்னைக்கு செவ்வாய்தானே."

மாதத்தின் இரண்டாவது செவ்வாய். எட்டு மாதம் வார்த்தானின் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தவளுக்கு அது தெரியாமல் போகாது. அன்றைக்கு அவர் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு காணாமல் போவார். திரும்பும்போது ஐந்து வயது குறைந்திருக்கும். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டோம். அவர் போவது ஹைக்கின் முடிதிருத்தும் கடைக்கு, வென்ச்சுரா வீதியில், அடுமனைக்கு அடுத்தது. காரை எதிரே நிறுத்தினேன். சொல்ல வேண்டியதை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். எந்தக் கதவுக்கு முன்பும் எனக்கு அப்படித்தான்.

மணி குலுங்கியது. ஹைக் கையில் சாயத் தூரிகையோடு திரும்பினார். நாற்காலியில் கழுத்துவரை கறுப்புத் துணி போர்த்தி உட்கார்ந்திருந்தவர் கண்ணாடியில் என்னைப் பார்த்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"பெண்களுக்கு வெட்டுறதில்லம்மா," என்றார் ஹைக்.

"வார்த்தான் கெலேஜியனப் பாக்கணும்."

"வார்த்தானா? யாரது? அப்படி யாரும் இங்க வர்றதில்லயே."

நாற்காலியில் இருந்தவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "அவரு சொந்த ஊரு யெரவான் போயிருக்கார்னு கேள்விப்பட்டேன்."

"எப்ப திரும்புவார்?"

"வெள்ளிக்கிழமை."

எனக்குச் சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது. இத்தனை நாள் எத்தனை வாசலில் இதைக் கேட்டிருப்பேன். அவனுக்கு உடம்பு சரியில்லை, அவள் ஊரில் இல்லை, அப்படி யாருமே இல்லை. நாற்காலிக்கு முன்னால் போய் நின்றேன்.

"வார்த்தான், இது உங்களுக்கு வந்த சம்மன். வியாழக்கிழமை காலை எட்டரைக்கு, குறிப்பேட்டோட வரணும்."

போர்வைக்குள் கைகள் அசைந்தன, வெளியே வரவில்லை. "கையில வாங்கலையே," என்றார்.

"வாங்கலைன்னா காலடியில வெச்சாலும் செல்லும்னு நீங்கதான் முதல் நாள் சொன்னீங்க."

காகிதத்தை அவர் காலருகே, வெட்டிக் கிடந்த யாருடையதோ முடியின் மேல் வைத்தேன்.

"உன்னையும் சேத்துதான்டி புதைக்கிற," என்றார். அப்போதுதான் கண்ணைத் திறந்தார். பச்சை கலந்த பழுப்பு. இவ்வளவு நாள் கவனித்ததில்லை.

"தெரியும்," என்றேன்.

காரில் உட்கார்ந்து படிவத்தை ஸ்டியரிங் மேல் வைத்துக்கொண்டேன். வயது, தோராயமாக அறுபத்து மூன்று. எடை, இருநூறு பவுண்டு. உயரம் தெரியவில்லை, உட்கார்ந்திருந்தார். முடி என்ற கட்டம் சின்னது. இடப்பக்கம் கறுப்பு, வலப்பக்கம் வெள்ளை என்று எழுத அது போதவில்லை. ஓரத்தில் நீட்டி எழுதினேன். நேரத்தையும் இடத்தையும் எழுதினேன். எல்லாவற்றையும் இன்னொரு முறை படித்துப் பார்த்துவிட்டு, கடைசியில் கையெழுத்துப் போட்டேன்.

நிமிர்ந்தபோது கடைக் கண்ணாடிக்கு அப்பால் ஹைக் தூரிகையை உயர்த்தியபடியே நின்றிருந்தார், தொடரலாமா வேண்டாமா என்று கேட்பதுபோல. வார்த்தான் குனிந்து காகிதத்தை எடுக்கவில்லை. அவருடைய இடது காதோரமாக ஒரு கறுப்புச் சொட்டு மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.