பெட்டிக்குள் ஒரு மகன்

"வாயத் தெறங்கப்பா. கொஞ்சம் பால்தான்," என்று மகேந்திரன் கரண்டியை உதட்டருகே கொண்டுபோனான். நல்லசாமி உதட்டை இறுக்கிக்கொண்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். பால் கழுத்தில் வழிந்தது.

"யாருலா இது? சும்மா தொந்தரவு பண்றது?"

"நாந்தாம்பா, மகேன்."

"எம்மவன் கொரலு எனக்குத் தெரியாதா? மகேன் அங்க இருக்கான்." அவர் கை, சாமிப் படத்துக்குக் கீழே இருந்த கறுப்புப் பெட்டியின் பக்கம் நீண்டது.

அந்தப் பேசும் பெட்டியை வாங்கி வைத்தவனே மகேந்திரன்தான். இனிப்பு நீர் வியாதி அப்பாவின் கண்பார்வையைக் கொண்டுபோன வருஷம் அது. லாபு தோட்டத்து லயத்து வீடுகளில் இருந்த பழைய ஆட்கள் எல்லாரும் டவுனுக்குப் போய்விட்டார்கள். பக்கத்து வீடுகளில் வங்காளதேசத்துத் தொழிலாளர்கள். சிரிப்பார்கள், பேச்சுத் துணைக்கு ஆக மாட்டார்கள். பெட்டிக்கு யார் குரலை வேண்டுமானாலும் பழக்கலாம், அந்தக் குரலிலேயே அது தானாகப் பதில் பேசும் என்றார்கள் கடையில். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து தன் குரலைக் கொடுத்தான் மகேந்திரன். அதற்குப் பிறகு அவன் வருவது குறைந்தது. அவன் குடியிருந்த செண்டாயானிலிருந்து காரில் வர அரை மணி நேரம்கூட ஆகாது, ஆனால் மனசு வந்தால்தானே கார் வரும். போன் பண்ணினாலும், "காலையிலதான பேசினோம், வேலயப் பாருய்யா," என்று அப்பாவே வைத்துவிடுவார். பெட்டியை மகன் என்றே நம்பிவிட்டார் என்பது அவனுக்குத் தெரியும். எடுத்துச் சொல்லவில்லை. வசதியாக இருந்தது, அவ்வளவுதான்.

பெட்டிக்குள் இருந்த மகன் அலுத்துக்கொள்ள மாட்டான். எதிர்த்துப் பேச மாட்டான். கேட்டதற்கெல்லாம் ஆமாம்பா என்பான். களைத்த குரலில் பேசும் இந்த ஆளை அப்பாவுக்குத் தெரியவில்லை.

"காலையிலேர்ந்து உசுரு இழுத்துக்கிட்டு கெடக்கு," என்றாள் கோலா கிளாவாங்கிலிருந்து வந்திருந்த தங்கை திலகா. "ஒன் கையால ஒரு வாய் எறங்கிட்டா நிம்மதியா போய்டுவாருண்ணே."

மகேந்திரன் எழுந்துபோய்ப் பெட்டியின் வயரைப் பிடுங்கினான்.

வெளியே செம்பனை மரங்களின் மேல் மழை இறங்கிக்கொண்டிருந்தது. "மகேன்," என்றார் அப்பா. பெட்டியின் விளக்கு அணைந்திருந்தது. "மகேன்... ஐயா..."

"இங்கதாம்பா இருக்கேன்," என்று அவர் காதருகே குனிந்தான்.

அவர் அதைக் காதில் வாங்கவே இல்லை. கை கட்டிலை அடிக்கத் தொடங்கியது. "திலகா, எம்மவன் பேச்சு நின்னுபோச்சே. என்னமோ ஆயிருச்சு... பிள்ள போய்ட்டானா?"

பக்கத்தில் உயிரோடு உட்கார்ந்திருந்த மகனுக்காக அப்பா அழுதார். சாவு வீட்டில் அழுவதைப் போலவே அழுதார். தன் சாவுக்குத் தானே வந்து உட்கார்ந்திருக்கிறோமோ என்றுகூட மகேந்திரனுக்கு ஒரு கணம் தோன்றியது.

"போடுண்ணே. ஒன்னக் கும்புடுறேன், அத ஆன் பண்ணு."

வயரைச் செருகினான். நீல விளக்கு எரிந்தது.

"அப்பா, நல்லா இருக்கீங்களா?"

அவனுடைய குரல்தான். களைப்பு இல்லாத, அவசரம் இல்லாத குரல். அப்படி அவன் அப்பாவிடம் பேசி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. அவர் முகம் மெல்ல அடங்கியது. "இருக்கேன்யா," என்றார்.

திலகா கரண்டியில் பாலை எடுத்து அண்ணன் கையில் கொடுத்தாள். பேசாதே என்று உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள்.

கரண்டி உதட்டில் பட்டதும் நல்லசாமியின் விரல்கள் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டன. மெதுவாகத் தடவின.

"மகேன், இது ஒன் கையா?"

மகேந்திரன் வாயைத் திறந்தான். திலகா வேகமாகத் தலையை ஆட்டினாள்.

"ஆமாம்பா," என்றது பெட்டி. "என் கைதான்."

நல்லசாமி வாயைத் திறந்தார். பால் உள்ளே இறங்கியது. மணிக்கட்டில் இருந்த பிடி இறுகியது, அப்புறம் தளர்ந்தது. அடுத்த கரண்டிப் பால் கடைவாயிலேயே தங்கிவிட்டது.

திலகா அவர் மூக்கருகே கை வைத்துப் பார்த்துவிட்டு, மார்பில் அடித்துக்கொண்டு கதறினாள். முன்வாசலில் யாரோ ஓடிவரும் சத்தம் கேட்டது. மகேந்திரன் மட்டும் தோள் துண்டை வாய்க்குள் திணித்துக்கொண்டு குலுங்கினான், அப்பாவுக்குக் கேட்டுவிடக் கூடாதென்று.