சத்தம் இறங்கிய நேரம்

எங்கள் கூட்டத்துக்குச் சத்தம் ஆகாது. பனிக்காலம் தொடங்கியதும், குடியிருக்கிற டிரெய்லர் வீட்டை வண்டியில் மாட்டி இழுத்துக்கொண்டு அரிசோனா பாலைவனத்தில் வந்து கிடக்கிற கிழடுகள் நாங்கள். குடித்துவிட்டு உளறுகிறவனை மன்னிப்போம். நாயை அவிழ்த்துவிடுகிறவளைக்கூட இரண்டு நாளில் மன்னித்துவிடுவோம். ஜெனரேட்டரைப் பக்கத்து டிரெய்லரின் ஜன்னலுக்கு நேராக வைத்து ஓட்டுகிறவனுக்கு மட்டும் மன்னிப்பே கிடையாது. அப்படி ஒருத்தனைப் பொம்பளை நானே வாயில் வந்தபடி திட்டி, மூட்டை கட்ட வைத்திருக்கிறேன். அதில் எனக்கு இன்றுவரை வருத்தமில்லை.

ஆர்டித்தும் மெர்லும் யாருக்கும் ஒரு தொந்தரவும் கொடுக்காத ஜோடி. வடக்கு டகோட்டாவில் கோதுமை போட்டவர்கள். வருஷாவருஷம் என் வேனுக்குப் பக்கத்தில்தான் அவர்கள் டிரெய்லர் நிற்கும். தானியக் கிடங்கின் தூசியை ஆயுள் முழுக்க இழுத்து இழுத்து மெர்லின் நுரையீரல் கட்டையாகிப் போயிருந்தது. மூக்கில் எந்நேரமும் குழாய். குழாயின் மறுமுனையில், காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கிற மிஷின். அது இல்லாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தால் கொஞ்ச நேரம் சமாளிப்பார். எழுந்து நாலு எட்டு வைத்தால் உதடு நீலமாகிவிடும்.

அந்த மிஷினுக்கு ராத்திரி பகல் கரண்ட் வேண்டும். கூரையில் சோலார் தகடு, கட்டிலுக்கு அடியில் பேட்டரி. இரண்டும் கைவிட்டால்? அதற்காகத்தான் பிக்கப் வண்டியின் பின்னால், தார்ப்பாய்க்கு அடியில், ஒரு சின்ன சிவப்பு ஜெனரேட்டர். மெர்ல் அதை மாதம் ஒருமுறை எடுத்து, ஓட்டி, காது கொடுத்துக் கேட்டு, துடைத்து, திரும்ப மூடி வைப்பார். எத்தனையோ வருஷமாக அப்படித்தான். அவசரம் என்று ஒன்று வரவே இல்லை.

"இதைச் சுமந்துக்கிட்டு அலையறதுக்கு ஒரு ஆட்டுக்குட்டிய வளத்திருந்தா பாலாவது குடுத்திருக்கும்" என்று டுவேன் கிண்டல் செய்வான். மினசோட்டாவில் சோபாவும் கட்டிலும் விற்று ஓய்வு பெற்றவன். வாய் நீளம், மனசு சுத்தம்.

"உன்னையும்தான்... வருஷாவருஷம்... சகிச்சுக்கிறோம்" என்பார் மெர்ல், இடையிடையே மூச்சு வாங்கி. "என்னிக்காவது உதவுவேங்கிற... நம்பிக்கைதான்."

அந்த ஜனவரியில் மேகம் வந்து உட்கார்ந்தது, கிளம்புகிற வழியைக் காணோம். பாலைவனத்தில் இப்படி அடைமேகத்தை நான் பார்த்ததில்லை. சோலார் தகடு வெறும் கண்ணாடியாகக் கிடந்தது. பேட்டரி இறங்கிக்கொண்டே வந்து, ஒரு காலையில் மிஷின் முனக ஆரம்பித்துவிட்டது. ஆர்டித் என் வேன் கதவைத் தட்டினபோது முகத்தில் ரத்தமே இல்லை.

டுவேனைக் கூப்பிட்டேன். அவன்தான் ஜெனரேட்டரைத் தூக்கி இறக்கினான். மெர்லால் இப்போது ஒரு கெட்டிலைக்கூடத் தூக்க முடியாது. ஆனால் அதிகாரத்துக்குக் குறைச்சலில்லை. குழாயும் மூக்குமாகக் கதவோரம் நாற்காலியில் உட்கார்ந்து உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார்.

"தள்ளி வை... இன்னும் தள்ளி. ஜனங்க... தூங்க வேணாமா?"

"யோவ், பட்டப்பகல்ல எவன்யா தூங்கறான்?" என்றேன்.

"நீதான் லவோன். நேத்து... உன் குறட்டை... எங்க ஜன்னல் ஆடுச்சு."

ஒயர் எவ்வளவு தூரம் எட்டுமோ அவ்வளவு தூரம் கொண்டுபோய், ஒரு பெரிய புதருக்குப் பின்னால் வைத்தான் டுவேன். புகையும் சத்தமும் யாருக்கும் வரக்கூடாதே என்று அதன் முகத்தைப் பாலைவனத்தின் பக்கமே திருப்பிவிட்டான். எங்கள் பக்கம் அதன் முதுகு. அதுதான் மரியாதை. இதே வேலையை நான் செய்திருந்தாலும் அப்படித்தான் வைத்திருப்பேன். கயிற்றை இழுத்ததும் கிளம்பிவிட்டது. மெர்லின் மிஷின் மறுபடி ஒழுங்காக மூச்சுவிட்டது. ஆர்டித் கதவுச் சட்டத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள்.

"பெரிய சாமான் எதையும் போட்டுடாதீங்க" என்றாள் அவரிடம். "ஹீட்டர், மைக்ரோவேவ், எதுவும். இந்தக் குட்டி தாங்காது."

"எனக்கே... பாடமா?" என்றார் மெர்ல்.

சாயங்காலம் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டுபோய் வட்டமாகப் போட்டு உட்காருவது எங்கள் வழக்கம். அவரவர் நாற்காலி, அவரவர் கோப்பை. ஆர்டித் அந்தப் பக்கம் தலைகாட்டி வாரக்கணக்காகியிருந்தது. மெர்லின் மூச்சை எண்ணுவதே அவள் பிழைப்பாகிவிட்டது. கண்ணுக்குக் கீழே கருவளையம். இவள் முதலில் போய்விடுவாளோ என்று எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

"கொஞ்ச நேரம் வா. அங்கேருந்து பாத்தா உன் டிரெய்லர் தெரியும்" என்றேன்.

"வேணாம் லவோன்."

உள்ளேயிருந்து மெர்ல் குரல் கொடுத்தார். "போயேன். என் மூஞ்சிய... பாத்துக்கிட்டே இருந்தா... எனக்கு மூச்சு கூடிடுமா?"

"தனியா இருப்பீங்களே."

"சத்தம் கேக்குதில்ல? அது கேக்கிற வரைக்கும்... எனக்கு ஒண்ணுமில்ல."

அவள் அவர் தலைமுடியைக் கோதிவிட்டு, சால்வையை இழுத்துவிட்டு, ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தாள். குளிர் காற்று வேறு. நாற்காலியை நான் தூக்கிக்கொண்டேன்.

வட்டத்தில் அவளை டிரெய்லரைப் பார்த்தாற்போல உட்கார வைத்தோம். முதலில் அவள் யார் பேச்சையும் கேட்கவில்லை. தலையைச் சாய்த்து அந்த எஞ்சின் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தாள். காற்றில் ஏறியும் இறங்கியும் வந்தது. திடீரென்று சத்தம் உச்சத்துக்குப் போயிற்று. ஆர்டித் நிமிர்ந்தாள். நான் அவள் முழங்கையில் கை வைத்தேன். உடனே சத்தம் தணிந்து, மெல்லிசாக, பூனை முனகுகிற மாதிரி ஒரே சீராக ஓட ஆரம்பித்தது.

"கேட்டீங்களா?" என்றான் டுவேன். முகமெல்லாம் பெருமை, ஏதோ அவனே பெற்று வளர்த்த மாதிரி. "இப்பதான் சூடாகி நெலைக்கு வந்திருக்கு. நல்ல மிஷின்னா இப்படித்தான். இருக்கிற எடமே தெரியாது."

எல்லோரும் தலையாட்டினோம். சத்தம் குறைந்தால் எங்கள் ஆட்களுக்கு அது வரம். ஆர்டித்தும் கேட்டாள். அவள் தோள் இறங்கியது. நாற்காலியில் சாய்ந்தாள். காலை நீட்டினாள். "ஆமா, அடங்கிடுச்சு" என்றாள்.

அப்புறம் டுவேன் தன் டிரெய்லரின் கக்கூஸ் தொட்டியைக் காலி செய்யப் போன கதையை எடுத்தான். குழாயைச் சரியாக மாட்டாமல் வால்வைத் திறந்தவன் கதை எங்கள் கூட்டத்தில் ஆளுக்கு ஒன்று உண்டு. ஆனால் இவனுக்கு அது நடந்தது பாதிரியார் வீட்டு வாசலில், மகள் கல்யாணத்துக்கு வாங்கின வெள்ளை கோட்டில். அவன் எழுந்து நின்று நடித்தே காட்டினான். ஆர்டித் சிரித்தாள். முதலில் உதட்டோரம், பிறகு வாய்விட்டு, பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு. கண்ணில் தண்ணீர் வழிந்தது. "போதும்டா பாவி, நிறுத்துடா" என்றாள். அவளை அப்படிப் பார்த்ததில், கூட்டிக்கொண்டு வந்தோமே என்று நிறைவாக இருந்தது.

வெளிச்சம் மலைக்குப் பின்னால் சரியத் தொடங்கியதும் அவள் எழுந்தாள். நானும் கூடப் போனேன். வழியில்கூடச் சிரித்துக்கொண்டே வந்தாள். "இந்தக் கதைய அவர்கிட்ட சொல்லணும். சிரிச்சா இருமல் வரும், பரவாயில்ல" என்றாள். புதருக்குப் பின்னால் ஜெனரேட்டர் அதே சீராக ஓடிக்கொண்டிருந்தது.

கதவைத் திறக்க முடியவில்லை. உள்ளே ஏதோ முட்டுக்கொடுத்தது. இரண்டு பேரும் தள்ளினோம். மெர்ல் கதவோடு ஒட்டிக் கிடந்தார். ஒரு காலில் செருப்பு, இன்னொன்று கையில். மூக்கில் குழாய் அப்படியே இருந்தது. மூலையில் அந்த மிஷின் செத்துக் கிடந்தது. அதன் எச்சரிக்கை மணி மட்டும் குஞ்சு கத்துகிற மாதிரி விட்டுவிட்டு ஒலித்தது. சாத்தின ஜன்னலையும் எஞ்சின் சத்தத்தையும் தாண்டி அது எப்படி எங்கள் காதுக்கு வந்திருக்கும்?

நான் கத்தின கத்தலில் டுவேன் ஓடி வந்தான். வெளியே போகும்போது எடுத்துப்போகிற சின்ன ஆக்சிஜன் சிலிண்டர் பிக்கப் வண்டியில் கிடந்தது; ஆர்டித் அதை எடுத்துவந்து திறந்து அவர் முகத்தில் வைத்தாள். டுவேன் நெஞ்சை அழுத்தினான், வியர்த்து ஒழுக, எண்ணிக்கையை உரக்கச் சொல்லிக்கொண்டே. யாரோ போன் சிக்னல் கிடைக்கிற மேட்டுக்கு வண்டியை விரட்டினார்கள். ஆம்புலன்ஸில் வந்தவர்கள் அவனைத் தொட்டு நிறுத்தும்வரை அவன் நிறுத்தவே இல்லை. மெர்லின் கை எப்போதோ சில்லிட்டுப் போயிருந்தது. எனக்குத் தெரியும், நான்தான் அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மைக்ரோவேவுக்குள் ஒரு கிண்ணம் இருந்தது. உருளைக்கிழங்கும் மாவு உருண்டையும் போட்ட சூப். ஆர்டித்துக்கு. அவர் இரவில் சாப்பிடுவதே இல்லை. வந்ததும் சூடாக இருக்கட்டும் என்று வைத்திருக்கிறார்.

அவர் கணக்குத் தெரியாமல் வைத்தவர் இல்லை. மைக்ரோவேவையும் ஆக்சிஜன் மிஷினையும் கூட்டிப் பார்த்தால் அந்த ஜெனரேட்டர் தாங்கும். கூட்டலில் விட்டுப்போனது ஃபிரிட்ஜ். எங்கள் ஃபிரிட்ஜெல்லாம் கேஸிலும் ஓடும், கரண்டிலும் ஓடும். ஒயரில் கரண்ட் வந்தால் யாரையும் கேட்காமல் தானாகவே கேஸை விட்டுக் கரண்டுக்கு மாறிக்கொள்ளும். அந்தப் பித்தானை அமுக்கிக் கேஸிலேயே நிறுத்திவைக்க யாருக்கும் தோன்றவில்லை. காலி பேட்டரி வேறு ஒரு பக்கம் உறிஞ்சிக்கொண்டிருந்தது. இத்தனையும் சேர்ந்தால் குட்டி என்ன செய்யும்?

டுவேன் புதருக்குப் பின்னால் போனான். நானும் போனேன். நாங்கள் பாலைவனத்தைப் பார்க்கத் திருப்பி வைத்த அந்த முகத்தில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"பாரம் தாங்கலன்னா கரண்ட மட்டும் நிறுத்திடும்" என்றான் அவன். "எஞ்சின் ஓடிக்கிட்டேதான் இருக்கும். பாரம் இல்லாததால... சத்தம் கொறஞ்சு..."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். பிறகு அவன் குனிந்து எஞ்சினை அணைத்தான். நாங்கள் ஊர் ஊராக ஓடிவந்து தேடுகிற அமைதி சுற்றிலும் இறங்கியது. எனக்கு அதைக் காறித் துப்ப வேண்டும்போல இருந்தது.

திரும்பி வந்தபோது ஆர்டித் படியில் உட்கார்ந்திருந்தாள். அவரைக் கொண்டுபோய்விட்டார்கள். அவள் அழவில்லை.

"மிஷின் எப்ப நின்னுச்சு?" என்றாள்.

டுவேன் வாயைத் திறந்தான். அவன் பொய் சொல்லத் தெரியாதவன். நான் அவன் காலை ஓங்கி மிதித்தேன்.

"நாம கிளம்பறதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான்" என்றேன்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நீ சிரிச்சு முடிச்ச அப்புறம் நான் ஸ்வெட்டர் எடுக்க வேனுக்குப் போனேன்ல? அப்பப் பாத்தேன். ஜன்னல்கிட்ட உக்காந்திருந்தாரு. என்னப் பாத்துக் கையாட்டினாரு."

இருட்டிக்கொண்டு வந்தது. டுவேன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"நீ நாற்காலிய விட்டு எழுந்திரிக்கவே இல்ல, லவோன்" என்றாள்.

அவள் நகர்ந்து படியில் எனக்கு இடம் விட்டாள். உட்கார்ந்ததும் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள், வலித்தது.

"எந்தக் கைய ஆட்டினாரு?" என்றாள்.