பழைய தேதி போட்ட கம்ப்யூட்டர்

இந்தக் காலத்தில் எவனுக்கும் கூச்சம் என்பதே இல்லை. பழசைத் துடைத்து, பளபளவென்று தாள் சுற்றி, புதுசு என்று தலையில் கட்டிவிட்டுப் போகிறான். கேட்டால் "இதெல்லாம் உங்களுக்குப் புரியாது பெரியவரே" என்று ஒரு சிரிப்பு வேறு. வெளியாள் செய்தால் தொலையட்டும் என்று விடலாம். வீட்டுக்கு வந்த மருமகளே செய்தால் யாரிடம் போய் அழுவது?

பேக்கரிப் பெரியவருக்குக் காலையிலிருந்து இதே பொருமல்தான்.

மருமகள் ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவள். பேக்கரிக்கும் ஒன்றைக் கொண்டுவந்து, எடை மெஷினையும் லேபிள் மெஷினையும் அதோடு கோர்த்துக் கொடுத்தவள் அவள்தான். ரொட்டியை எடையில் வைத்தால் போதும். என்னென்ன சேர்ந்திருக்கிறது, எத்தனை கிராம், என்றைக்குச் சுட்டது என்று அச்சடித்து மெஷின் நாக்கை நீட்டும். ஆஸ்பத்திரி ஆர்டர் கிடைத்ததே அதனால்தான். லேபிள் இல்லாத ரொட்டியை ஆஸ்பத்திரிச் சமையலறை வாசலோடு திருப்பி அனுப்பிவிடும்.

அந்தக் கம்ப்யூட்டரில்தான் பெரியவர் திருட்டைக் கண்டுபிடித்தார். அது கண்விழிக்கும்போது அதை ஓட்டுகிற மென்பொருளின் பெயர் திரையில் வரும், பக்கத்தில் ஓர் எண். எழுத்து அவருக்குத் தகராறு. ஆனால் ரொட்டிக் கடையில் தேதி பார்க்கத் தெரியாதவன் பிழைக்க முடியுமா? முதலில் வருடம், ஒரு புள்ளி, பிறகு மாதம். விரலை மடக்கிப் பார்த்தார். இரண்டு வருடத்துக்கும் மேல் பழசு! தேதி தாண்டிய பன்னை நாய்க்குப் போடவே யோசிக்கிறவர் அவர்.

மகன் மைதா வாங்கப் போயிருந்தான். அடுப்புக்காரர் மாவு மூட்டைமேல் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பாக்கெட் போடுகிற அக்கா சாப்பிடப் போயிருந்தாள். பெரியவர் தெருவைக் கடந்து, எதிர்வரிசை போன் ரிப்பேர் கடைக்காரனைக் கையோடு கூட்டிவந்தார். எந்தப் போனைக் கொண்டுபோனாலும் "முதல்ல ஒரு கண்ணாடி ஒட்டிடுங்க" என்பதால் தெருவுக்கே அவன் 'டெம்பர் கிளாஸ்'.

"ஏம்ப்பா, நெஞ்சுல கை வச்சுச் சொல்லு. இதுல புதுசு வந்திருக்கா, இல்லையா?"

"வந்திருக்கு பெரியவரே. இந்த மாசம்தான். சுடச்சுட இருக்கு."

"அப்புறம் எனக்கு எதுக்கு ஊசிப்போனதைப் போட்டுக் குடுத்திருக்கா?"

டெம்பர் கிளாஸ் தலையைச் சொறிந்தான். "இது ரொம்ப வருஷம் வர்ற ரகம். புதுசு கொஞ்ச மாசத்துக்குத்தான். எதுக்கும் மருமகளை ஒரு வார்த்தை கேட்டுட்டு…"

"கடை யாருதுடா? போடுன்னா போடு."

போட்டான். பெரியவர் ஒரு தூக்கம் போட்டு எழுவதற்குள் திரை புது நிறத்தில் மினுங்கியது. எண்ணும் இந்த மாதத்து எண். கையும் களவுமாகத் திருடனைப் பிடித்த நிறைவு அவருக்கு.

மகன் திரும்பி வந்து ஆஸ்பத்திரி ரொட்டியை எடையில் வைத்தான். லேபிள் மெஷின் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது. தட்டினான், பிடுங்கிச் செருகினான், ஊதினான். பிறகு மனைவிக்குப் போன் போட்டான். அவள் பாதி வேலையில் சொல்லிவிட்டு ஓடிவந்தாள். கைப்பையை இறக்கக்கூட விடவில்லை அவன்.

"வண்டி வர்ற நேரம். உன்னை நம்பினேன் பாரு! வெளியாளை வச்சுச் செய்யலாம்னு அப்பவே தலைபாடா அடிச்சுக்கிட்டேன்."

அடுப்புக்காரரும் அக்காவும் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு காதை மட்டும் இங்கே வைத்திருந்தார்கள். பெரியவர் ஏற்கெனவே துடைத்த மேஜையை மறுபடி துடைத்தார். சொல்லிவிடலாம், இந்தா சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. துணியை உதறிவிட்டு மேஜையை முதலிலிருந்து துடைக்க ஆரம்பித்தார்.

மருமகள் நாலு பொத்தானைத் தட்டினாள். எண் வந்தது. அவள் திரையைப் பார்த்தாள், பிறகு நிமிர்ந்து நேராகப் பெரியவரைப் பார்த்தாள். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில். அவர் கண் தன் செருப்புக்கு இறங்கியது.

"ஆபீஸ்ல இருந்தே புதுசு போட்டுப் பார்த்தேன். லேபிள் மெஷினுக்கு அது ஒத்துக்கல. தப்பு என்னுதுதான்" என்றாள் கணவனிடம். "திரும்பப் பழசைப் போட நேரமாகும். கத்தினது போதும், பேனாவை எடுங்க. கையில எழுதி ஒட்டிடலாம்."

செருப்பைக் கழற்றி நாலு சாத்து சாத்தியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது பெரியவருக்கு.

"செய்யறதையும் செஞ்சிட்டு அதிகாரம் வேற" என்றான் மகன். "இனிமே கடைப் பக்கம் நீ வரவே வேணாம்."

"டேய், வாயை மூடுடா! அவ ஒண்ணும் போடல. நான்தான் டெம்பர் கிளாஸைக் கூட்டியாந்து போடச் சொன்னேன்."

அடுப்புக்காரர் இருமினார். சிரிப்பாகவும் இருக்கலாம்.

"அதை அப்பவே சொல்றதுக்கு என்னப்பா? அவளை எவ்வளவு பேசிட்டேன்!"

"நீ பேசுறப்ப எனக்கு வாய் வரல."

எல்லோரும் உட்கார்ந்து எழுதினார்கள். பெரியவரும் பேனாவை எடுத்தார். கோதுமை, ஈஸ்ட் என்று பார்த்து எழுதுவதற்குள் ஒரு தாளைக் கிழித்துவிட்டார். மருமகள் குரலை இறக்கி, "மாமா, நீங்க தேதி மட்டும் போடுங்க" என்றாள். அக்காவுக்குக் கேட்டுவிட்டது. இத்தனை காலம் "கண்ணாடி வீட்டுல இருக்கு" என்று சொல்லிச் சொல்லி மறைத்த எழுத்துத் தகராறு, ஒரு பிற்பகலில் சந்தி சிரித்தது. காது கொதிக்க, குனிந்த தலை நிமிராமல் தேதி போட்டார்.

வண்டிக்காரன் கையெழுத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். சமையலறைக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டு, "இன்னைக்கு ஒரு நாள்தானாம்" என்று ஏற்றிக்கொண்டு போனான்.

மருமகள் கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்து பழசைத் திரும்பப் போட ஆரம்பித்தாள். பெரியவர் பின்னாலேயே நின்றார். மன்னிப்புக் கேட்க வேண்டும். அந்த வார்த்தையை அவர் வாழ்நாளில் யாரிடமும் எடுத்ததில்லை; எந்தப் பக்கம் பிடித்துத் தூக்குவதென்று தெரியவில்லை.

"சாப்பிட்டியாம்மா?" என்றுதான் வந்தது.

"இன்னும் இல்ல மாமா."

சூடான பன் ஒன்றைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்து நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள்.

"எதுக்கு என் பழியை நீ ஏத்துக்கிட்ட?"

"உங்களை மாட்டிவிட்டா லேபிள் வந்துடுமா?" பன்னைப் பிட்டுக்கொண்டே சொன்னாள். "மாமா, அந்த எண் இது பிறந்த தேதி. கெட்டுப்போற தேதி இல்ல. இதுல ஓட்டை விழுந்தா அஞ்சு வருஷத்துக்கு அடைச்சுக் குடுப்பாங்க, போன வாரம்கூட அடைச்சாங்க. மத்தபடி எதையும் கலைக்க மாட்டாங்க. அதை நம்பித்தான் மெஷின்காரங்க இதுக்குத் தோதா செய்யறாங்க. புதுசுக்கு ஒன்பது மாசம்தான் கவனிப்பு. அப்புறம் அடுத்த புதுசைத் தேடி ஓடணும். வீட்டுல வேணா ஆசைக்குப் போட்டுப் பார்க்கலாம். பொழப்பு நடக்கிற இடத்துல வேணாம்."

பெரியவர் முழுக்கக் கேட்டார். ஒரு வார்த்தை விடாமல் கேட்டார். முகத்தைப் பார்க்க மட்டும் முடியவில்லை.

"அஞ்சு வருஷம் கெடாம இருக்குன்னா, அதுல என்னமோ மருந்து கலந்திருக்கான்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை. திரையில் அந்தப் பழைய எண் எழுந்து நின்றது. லேபிள் மெஷின் சரசரவென்று நாக்கை நீட்டியது. அக்கா கைதட்டினாள்.

பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினார். டெம்பர் கிளாஸ் கடையைத் தாண்டும்போது முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

"என்ன பெரியவரே, சுடச்சுட எப்படிப் போகுது?"

பெரியவர் நடையை எட்டிப்போட்டார். அவள் என்னதான் சொல்லட்டும், பழசு பழசுதான்.