கற்பூரச் சத்தியம்

வெள்ளிக்கிழமை பூசையில் அய்யாவுப் பூசாரிக்கு அருள் வந்தபோது மலர்கொடி கூட்டத்தின் கடைசியில் நின்றுகொண்டிருந்தாள். அருள் வருவது குப்பத்துக்குப் புதிதல்ல. மாதம் ஒரு தரமாவது வரும், ஆடு கேட்கும், பொங்கல் கேட்கும், போய்விடும். அன்றைக்கு ஆடும் கேட்கவில்லை, பொங்கலும் கேட்கவில்லை. வேப்பிலையைப் பெண்கள் நின்ற பக்கமாக நீட்டி, “கருவைக் கரைச்ச கை ஒண்ணு இந்த ஊருல இருக்கு. அது இருக்கிற மட்டும் கடல் ஒங்களுக்கு மீன் தராது” என்றது. மலர்கொடி இரண்டு கைகளையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

நாகப்பட்டினத்துக்குத் தெற்கே இருக்கிற அந்தக் குப்பத்தில் ஓட்டு உதயசூரியனுக்கு, கும்பிடு எல்லையம்மனுக்கு. இரண்டுக்கும் சண்டை வந்ததே இல்லை, இந்தச் சட்டம் வரும்வரை. டெல்லியில் போட்டது, உதயசூரியன் சர்க்கார் ஊர் ஊராக ஆள் அனுப்பிச் சொன்னது. வேண்டாத கருவை ஆஸ்பத்திரியில் டாக்டரே கலைக்கலாம், குற்றமில்லை என்றது. புரட்டாசியில் ஒரு நர்சம்மா வந்து பள்ளிக்கூட வராந்தாவில் அதை எடுத்துச் சொன்னபோது பெண்கள் வாயை மூடிக்கொண்டு, காதை நன்றாகத் திறந்துவைத்துக் கேட்டார்கள். ஊர்த்தலைவரான நாட்டார் அமிர்தலிங்கத்தின் மனைவி நாகம்மாள் மட்டும் கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “அதுல உயிர் போவாதா?” காலத்தோடு வந்தால் போகாது என்றாள் நர்சம்மா. நாகம்மாள் உடனே எழுந்து போய்விட்டாள். நாட்டார் வீட்டம்மாவுக்குக் கோபம் என்று மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

கார்த்திகைப் புயலில் ஒரு படகு இரண்டு ஆட்களோடு திரும்பவில்லை. அதற்குப் பிறகு வலையில் நண்டும் பாசியும்தான் ஏறின. மாசி பிறந்தும் அப்படியே இருந்தது. வயிறு காய்ந்தவர்களுக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது, பூசாரி கொடுத்துவிட்டார். நர்சம்மா சொன்னது பாவம் என்று புரட்டாசியில் நினைக்காதவர்கள்கூட இப்போது நினைத்தார்கள். மறுவாரம் அவள் வந்தபோது ஒரு கதவும் திறக்கவில்லை.

மலர்கொடி தை மாதம் போய்வந்தவள். நாலு பிள்ளைகள். நாலாவது பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் போய், பாயோடு கட்டித் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இன்னொன்று தாங்காது என்று டாக்டர் அப்போதே சொல்லியிருந்தார். ஐந்தாவது தங்கியதும் அவள் புருஷனிடம் சொல்லவில்லை. பாபநாசத்தில் வாழ்க்கைப்பட்ட அக்கா சுந்தரியைப் பார்க்கப் போவதாகக் கிளம்பினாள். சுந்தரிதான் தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கூடவே இருந்தாள். திரும்பும்போது கீழ்வேளூருக்கு முன்னால் அறுப்புக் கூலித் தகராறு. மிராசுதார் வெளியாட்களை இறக்கிவிட்டார் என்று செங்கொடிக்காரர்கள் சாலையில் உட்கார்ந்திருந்தார்கள், போலீஸ் வேன் நின்றது. இரண்டு மணி நேரம் பஸ் நகரவில்லை. ரத்தம் படுகிறதா என்று அடிக்கடி சேலையைத் தடவிப் பார்த்துக்கொண்டு, போலீஸ் தன்னைத்தான் தேடி வந்திருக்கிறதோ என்று அவள் நடுங்கினாள். சட்டம் தன் பக்கம் என்பது அவளுக்கு அப்போது நினைவுக்கே வரவில்லை.

பூசாரி சொன்ன இரவு அவள் மாதங்களை எண்ணிப் பார்த்தாள். படகு போனது கார்த்திகையில், தான் போனது தையில். அப்படியானால் அம்மன் சொன்ன கை வேறு யாருடையதோ. ஒரு நிமிஷம் மூச்சு வந்தது. அடுத்த நிமிஷமே, அம்மனுக்குத் தெரியாத பின்மாதம் முன்மாதமா என்று பயம் திரும்பி வந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை பஞ்சாயத்து கூடியது. வாழ்க்கைப்பட்ட பெண்கள் அத்தனை பேரும் அம்மன் முன்னால் எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, ‘நான் கரைக்கவில்லை’ என்று சத்தியம் செய்யவேண்டும். புதன்கிழமை மலர்கொடி இருக்கிற மேலத்தெரு, வியாழக்கிழமை கீழத்தெரு. செய்யாதவள் வீடு ஊர்விலக்கு. அந்த வீட்டுப் படகைக் கடலில் தள்ள யாரும் தோள் கொடுக்கமாட்டார்கள், சாவு விழுந்தாலும் எட்டிப் பார்க்கமாட்டார்கள். பொய்ச் சத்தியம் செய்தால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. கடலுக்குப் போன புருஷன் திரும்பமாட்டான், அவ்வளவுதான்.

அன்று ராத்திரி சோறு போடும்போது புருஷன் நீலமேகம், “எவ வூட்டு வேலையோ. கண்டுபுடிச்சு வெரட்டுனாத்தான் நமக்கு விடியும்” என்றான். அவன் கெட்டவன் இல்லை. குடித்துவிட்டு வந்து ஒருநாளும் கை நீட்டியதில்லை. அதனால்தான் அவளுக்குப் பயம் இன்னும் கூடியது. இவனை ஊர்விலக்கில் தள்ளுவதா, கடலுக்குக் கொடுப்பதா என்று அவளே தீர்மானிக்கவேண்டும்போல இருந்தது.

மூன்று நாள் யோசித்தாள். கடைசியில் ஒரு வழி தோன்றியது. மாதவிலக்கில் தூரமான பெண்கள் கோயில் வாசலை மிதிக்கக்கூடாது. அவர்கள் தள்ளி, பூவரச மரத்தடியில் வந்து உட்கார்ந்து தலையைக் காட்டினால் போதும், அஞ்சாம் நாள் தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்து சத்தியம் செய்யலாம் என்று பஞ்சாயத்தே சொல்லியிருந்தது. அஞ்சு நாளில் என்ன மாறிவிடும் என்று அவள் யோசிக்கவில்லை. மூழ்குகிறவளுக்கு அஞ்சு நாள் என்பது பெரிய கட்டை.

புதன்கிழமை விடியலில் படகுகள் கடலேறிய பிறகு அவள் பூவரச மரத்தடியில் போய் உட்கார்ந்தாள். வேறு யாரும் அங்கே இல்லை. உட்கார்ந்த பிறகுதான் தான் செய்த பிசகு புரிந்தது. குப்பத்தில் நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்றுதான், அது நாட்டார் வீட்டுக் கொல்லையில் இருக்கிறது. தூரமான பெண்கள் அதன் கயிற்றைத் தொடமாட்டார்கள். குடத்தை எட்ட வைத்துவிட்டு நிற்பார்கள், நாகம்மாள் இறைத்து ஊற்றுவாள். எந்த வீட்டுப் பெண்ணுக்கு எப்போது விலக்கு என்பது நாகம்மாளுக்குப் பஞ்சாங்கம் பார்க்காமலே தெரியும். பத்து நாளைக்கு முன்புதான் அவள் மலர்கொடியின் குடத்தில் தண்ணீர் ஊற்றியிருந்தாள்.

அந்த நாகம்மாள்தான் இப்போது அம்மன் முன்னால் கற்பூரத் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். வயது ஐம்பத்து நாலு. எட்டு வருஷத்துக்கு முன் பெரிய மகள் மஞ்சள்காமாலையில் செத்த வருஷமே அவளுக்குத் தூரமும் நின்றுபோயிற்று. அதிலிருந்து எந்த நாளும் கோயிலுக்குள் போகக்கூடிய சுத்தக்காரி என்று விளக்கேற்றுவதும் தட்டெடுப்பதும் அவள் பொறுப்பு. ஒவ்வொரு பெண்ணாக வந்து கற்பூரத்தை அடித்தார்கள்.

ஏழெட்டுப் பேர் முடிந்ததும் அமிர்தலிங்கம், “நீலமேகம் பொஞ்சாதி” என்று கூப்பிட்டார்.

அவள் உட்கார்ந்தபடியே “தூரங்க” என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை, இன்னொரு தரம் சொன்னாள். கூட்டம் திரும்பிப் பார்த்தது. யாரோ ஒருத்தி விரல்விட்டு நாட்களை எண்ணுவது தெரிந்தது. நாகம்மாள் நிமிர்ந்து அவளையே பார்த்தாள். பார்த்துவிட்டுத் தட்டைக் கீழே வைத்தாள், படியிறங்கினாள், நேராக மரத்தை நோக்கி நடந்து வந்தாள். முடிந்தது, தலைமயிரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் நிறுத்தப்போகிறாள் என்று மலர்கொடி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பிள்ளைகள் நாலு பேரின் முகங்களும் வரிசையாக வந்து போயின.

பக்கத்தில் மணல் அமுங்கியது. கண்ணைத் திறந்தாள். நாகம்மாள் அவளை ஒட்டி உட்கார்ந்து, சேலையைக் காலுக்கடியில் செருகிக்கொண்டிருந்தாள்.

“நாகம்மா, அங்க என்னா பண்ற? தட்டு யாரு எடுக்கிறது?” என்றார் அமிர்தலிங்கம்.

“எனக்கும் தூரங்க.”

அவளுக்கு நின்றுபோய் எட்டு வருஷம் என்பது அங்கே நின்ற ஒவ்வொரு பெண்ணுக்கும் தெரியும். ஆனால் நாட்டார் வீட்டம்மாவிடம் போய் அதை யார் கேட்பது, எந்த வாயால் கேட்பது? அய்யாவு வேப்பிலையைப் பிடித்துக்கொண்டு, அருள் வரவேண்டிய நேரத்தில் வராமல், வெறும் அய்யாவுவாக நின்றார். அமிர்தலிங்கத்தின் முகம் வெளுத்துவிட்டது. தட்டில் கற்பூரம் யாரும் அடிக்காமல் தானாக எரிந்து அடங்கியது. மற்றதை நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு அவர் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு நடந்தார்.

கூட்டம் கலைந்ததும் நாகம்மாள் தன் வலது கையை மடியில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டே தாழ்ந்த குரலில் பேசினாள். “எம் மவ செத்தது மஞ்சக்காமாலையில இல்ல. வருசத்துக்கு ஒண்ணா மூணு பெத்துட்டு, நாலாவது வேணாம்மான்னு எங்கிட்ட வந்து அழுதா. அப்ப சட்டமும் இல்ல, டாக்டரும் இல்ல. எனக்குத் தெரிஞ்சத நான் செஞ்சேன். சாமி சொல்லுச்சே கை, அது இதுதான்.”

“நாட்டாருக்குத் தெரியுமா அத்தை?”

“காமாலைன்னு ஊருக்குச் சொன்னதே அவருதான்.”

மலர்கொடி அந்தக் கையைப் பார்த்தாள். “ஒங்களுக்குப் பயமா இல்லையா?”

“எட்டு வருசமாப் பயந்துக்கிட்டுதாண்டி வௌக்கு ஏத்துறேன்” என்றாள் நாகம்மாள்.

மத்தியானம் நீலமேகத்தின் படகு வந்தது. மீன் அதிகமில்லை, ஆள் வந்தான். அவன் காலை நனைத்துக்கொண்டு கரையேறுவதைப் பார்த்தபோது மலர்கொடிக்குக் கும்பிடவேண்டும்போல இருந்தது, யாரைக் கும்பிடுவது என்றுதான் தெரியவில்லை. வீடு வந்து சேர்வதற்குள் அவனுக்கு ஊர் சொல்லியிருக்கும். அவன் அவளை நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். கேட்டுவிடுவானோ என்று அவள் ராத்திரி முழுக்க விழித்துக் கிடந்தாள்.

வியாழக்கிழமை விடிந்ததும் குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போய் எட்ட நின்றாள். தூரம் என்று சொன்ன பொய்யை நடத்திக் காட்டவேண்டுமே. நாகம்மாளும் தன் வீட்டுக் கிணற்றுக்கே எட்டத்தில், வேலியோரம் குடத்தோடு நின்றாள். அவளுக்கு அடுத்து, அன்றைக்குச் சத்தியம் செய்யவேண்டிய கீழத்தெருப் பெண் ஒருத்தி வந்தாள். கிணற்றடிக்குப் போவாள் என்று பார்த்தால், குடத்தை வேலியோரத்தில் வைத்துவிட்டு நின்றுகொண்டாள். அடுத்தவளும் அப்படியே செய்தாள். ஒருத்தியும் மற்றவள் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லாருக்கும் பயம்தான். முந்தானையைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்தாலே தெரிந்தது.

கப்பிச் சத்தம் கேட்காததால் அமிர்தலிங்கம் கொல்லைக்கு வந்தார். வேலியோரத்து வரிசையைப் பார்த்தார். பிறகு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, வாழ்க்கையில் முதல்தடவையாக அந்தக் கயிற்றைப் பிடித்தார். நாகம்மாளின் குடத்தில் ஊற்றினார், மலர்கொடியின் குடத்தில் ஊற்றினார். அவர் கைக்குப் பழக்கமில்லாததால் தண்ணீர் பாதி சிந்தியது. அவர் மறுபடி இறைத்து நிரப்பினார்.

“இன்னும் எத்தனை பேரு?” என்று கேட்டார், கிணற்றுக்குள் பார்த்தபடி.

“தெரியலீங்க” என்றாள் நாகம்மாள். “வந்துக்கிட்டே இருக்காங்க.”

அவர் வாளியை மறுபடி உள்ளே விட்டார்.